சேற்றில் குடியேறிய தூளார்

ஒரு ஏரிக்கரையில் மாசிலாமணி என்பவர் கோழிப்பண்ணை வைத்திருந்தார். கோழிக்கு நோய் வருவதற்கு முன்பே, எதற்கும் இருக்கட்டும் என்று, கிருமி கொல்லும் மருந்துத் தூளைத் தினமும் குடிதண்ணீரில் கலந்து வைப்பது அவர் வழக்கம். மிச்சத்தை ஏரியில் கொட்டிவிடுவார். அப்படி வந்து விழுந்தவர்தான் நம்ம தூளார்.

தூளாருக்குத் தன்னைப் பற்றி ரொம்பப் பெருமை. "ஒரே மூச்சில் ஆயிரம் கிருமியைச் சாய்த்த பரம்பரை நாங்க" என்று ஏரித் தண்ணீரிடம் அளந்தார்.

தண்ணீர் இந்த மாதிரி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறது. "இருக்கட்டுங்க. ஆனா இங்க உங்களுக்கு வேலை இல்ல. மேல மிதந்து வாங்க. நாலு நாள் வெயில் பட்டா உடைஞ்சு போயிடுவீங்க. யாருக்கும் தொந்தரவு இல்லாம போய்ச் சேரலாம்" என்றது.

தூளாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னைச் சாகச் சொல்றியா? நான் மருந்து. நான் இருந்தாத்தான் ஊருக்கு நல்லது."

"என்னோட கலந்து நீர்த்துப் போயிட்டீங்க. கிருமியைக் கொல்ல இனி தெம்பு பத்தாது, சீண்டத்தான் முடியும். சீண்டினா அது தேறிடும். அப்புறம் ஏரியில கால் வைக்கிறவங்க கதி?"

உள்ளதைச் சொன்னால் யாருக்குப் பிடிக்கிறது? தூளார் விறுவிறுவென்று அடியில் இறங்கினார். சேறு அவரை அன்பாக அணைத்துக்கொண்டது. அங்கே வெயில் எட்டாது.

சேற்றில் கிருமிகள் கூட்டமாகக் குடியிருந்தன. தூளார் ஓங்கி ஒரு போடு போட்டார். நோஞ்சான்கள் செத்தன. மற்றவை எழுந்து உடம்பைத் தட்டிவிட்டுக்கொண்டன.

"ஐயா, நாளைக்கும் வரலாங்களா?" என்று ஒன்று பணிவாகக் கேட்டது.

"வா. உன்னை ஒழிக்காம விடமாட்டேன்" என்றார் தூளார்.

மாதக்கணக்கில் இப்படியே போனது. பிழைத்தவை பிள்ளை பெற்றன. பிள்ளைகளுக்கு அடி உறைக்கவே இல்லை. கை ஓயக் குத்தினாலும், "கொஞ்சம் இடப்பக்கமா, ஐயா. அங்கதான் பிடிச்சிருக்கு" என்று முதுகைக் காட்டின. இவ்வளவு கூட்டம் தன்னைத் தேடி வருகிறதே என்று தூளார் பூரித்துப்போனார்.

ஒரு நாள் மிச்சத் தண்ணீரைக் கொட்ட இறங்கிய மாசிலாமணியின் காலைக் கண்ணாடிச் சில்லு கிழித்தது. கிருமிகள் உள்ளே புகுந்தன. கால் வீங்கிச் சீழ் கட்டியது.

"இந்த ஊசிக்குக் கேக்கலேன்னா காலை எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரே" என்று அழுதாள் அவர் மனைவி பங்கஜவல்லி.

ஊசி வழியாக இறங்கியதும் அதே பரம்பரை மருந்துதான். முழுத் தெம்போடு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தது. கிருமிகள் ஓடவில்லை, சாவகாசமாகக் குப்புறப் படுத்தன.

"வாங்க தம்பி," என்றது மூத்த கிருமி. "உங்க அண்ணன் ஏரியில சௌக்கியமா இருக்கார். அவர் கை பட்டுத் தேறின உடம்புதான் இது. கொஞ்சம் இடப்பக்கமா குத்துங்க."