அணைத்த ரிசீவர்

எஸ்தர் மேடத்துக்கு இருந்தது ஒரே ஒரு சீடர். அவரும் மேடத்தைவிட வயதில் மூத்தவர். பிச்சையா என்று பெயர். வேறு பிரிவிலிருந்து மாற்றலாகி, மலைமேல் இருந்த ரேடியோ நிலையத்துக்குத் தொழில் பழக வந்தவர். ஓயாமல் கேள்வி கேட்பார். அன்று காலையிலிருந்து வாயே திறக்கவில்லை.

மத்தியானம் சாரல் வலுத்துப் பெருமழையானது. அப்போதுதான் கேட்டார்.

“மேடம், செத்துப்போனவங்க குரலைக் காதுலேர்ந்து எடுக்க வழி இருக்கா?”

“யாரு குரல் அண்ணாச்சி?”

“எங்க அண்ணன் குரல். கோயில் கொடைத் திருவிழாவுல நாலு பேர் முன்னால, ‘நீ எதுக்கும் லாயக்கில்லலே’ன்னுட்டாரு. அதோட பேச்சை விட்டேன். இப்ப அவரும் இல்ல. போன வாரம் எம்மக பரீட்சையில தவறிட்டு வந்து நின்னா. அதே வார்த்தை என் வாயிலேர்ந்து வருது மேடம். பிள்ளை சாப்பிடாம ஹாஸ்டலுக்குப் போயிட்டா. போனை எடுக்க மாட்டேங்கா.”

எஸ்தர் அவரைச் சோதனைத் திரைக்கு முன் உட்கார வைத்தார்.

எதிர் மலையிலிருந்து ஒரே அலைவரிசையில் இரண்டு அலைகள் வருகின்றன. ஒன்று செங்குத்தாக அதிரும், இன்னொன்று கிடையாக. வெயில் நாளில் இரண்டும் அதனதன் வழியில் ஒழுங்காக வந்து சேரும். மழை பிடித்தால் ஒன்று மற்றதற்குள் கசியும்.

“செங்குத்துல கிடை கலக்குது. என்ன செய்யலாம்?”

“கிடை அலையை வாங்குற ரிசீவரை அணைச்சிரலாம்.”

“அணைங்க.”

அணைத்தார். அதுவரை கட்டம் கட்டமாக ஒழுங்காக நின்றிருந்த, செங்குத்து அலையைக் காட்டும் புள்ளிகள் திரை முழுக்கச் சிதறின. பிச்சையா பதறிவிட்டார்.

“ஏன் மேடம் மோசமாச்சு?”

“எதிர் மலையில அனுப்புறதை நிறுத்தலையே அண்ணாச்சி. நாமதான் கேக்குறதை நிறுத்தினோம். கிடை அலையை முழுசாக் கேட்டாத்தான், அது இதுல எவ்வளவு கலந்திருக்குன்னு தெரியும். அந்த அளவைக் கருவி கழிச்சிரும், மிச்சம் தெளியும். இவ்வளவு நேரம் அதைத்தான் செஞ்சுட்டிருந்துச்சு.”

எஸ்தர் ரிசீவரை மறுபடி போட்டார். புள்ளிகள் மெல்லத் தங்கள் இடத்துக்குத் திரும்பின.

பிச்சையா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஆஸ்பத்திரியில கிடந்தப்போ அண்ணன் போன்ல குரல் பதிவாப் பேசிப் பேசி அனுப்பினாரு மேடம். நிறைய.”

“என்ன சொல்லியிருந்தாரு?”

“கேக்கல. திறக்கவே இல்ல. பிள்ளை கோவிச்சுட்டுப் போன அன்னைக்கு எல்லாத்தையும் அழிச்சுட்டேன். அழிச்சா குரல் போயிரும்னு நினைச்சேன்.”

எஸ்தருக்கு, ஒரே ஒரு பதிவையாவது விட்டு வைத்திருக்கக் கூடாதா இந்த மனுஷன் என்று இருந்தது. வெளியே மழை விடுவதாக இல்லை.

“இப்ப நான் எதை வச்சுக் கழிக்கிறது மேடம்?”

“இனி கழிக்க முடியாது அண்ணாச்சி. மககிட்ட பேசுறப்போ, அந்த வார்த்தையை அண்ணன் குரல்னு சொல்லாதீங்க. இனி அது உங்க குரல்தான்.”