இடப்பக்கத்து ஆறு

"கண்டுபிடிச்சிட்டேன், சாமியம்மா! வழி கண்டுபிடிச்சிட்டேன்!"

மூச்சிரைக்க ஓடி வந்தான் பரிசல்காரன் மாதப்பன். ஐம்பதைத் தாண்டியவன். அவன் குருவாக வரித்துக்கொண்ட சாமியம்மாவுக்கோ நாற்பதுகூட ஆகவில்லை. ஆற்றங்கரைக் குடிசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எதற்கு வழி?"

"என் குடும்பம் தேறத்தான்!"

ஆடி வெள்ளத்தில் அவன் பரிசல் கவிழ்ந்து எட்டு மாதம் ஆகிறது. குடும்பம் மொத்தமும் அதில் இருந்தது. மூன்று பேர் கரையேறினார்கள். மகன் வீரபத்திரன் ஏறவில்லை.

"பொண்டாட்டி போறவங்க வர்றவங்களையெல்லாம் நிறுத்தி அதே கதையைச் சொல்லி அழறா. மக ஆத்துப் பக்கம் தலையே காட்ட மாட்டேங்கறா. நான் ஒருத்தன்தான் அந்த வீட்டுல கல்லு மாதிரி இருக்கேன்!"

"அப்படியா!"

"நாளைக் காலைல ரெண்டு பேரையும் தூக்கிப் பரிசல்ல போட்டு அக்கரைக்கு ஒரே ஓட்டம். பயம் அத்தோட ஒழிஞ்சுது! எப்படி என் யோசனை?"

"மகள் என்ன சொன்னாள்?"

"பரிசல்ல ஏத்துனா வீட்டை விட்டே போயிடுவாளாம். அதெல்லாம் சும்மா பேச்சு!"

சாமியம்மா கீரையை ஒதுக்கிவிட்டு எழுந்தாள்.

"முதலில் என்னை அக்கரையில் விடு."

மாதப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. குருவே தன் பரிசலில்! புதுப் பரிசல் அது. வாங்கிய நாளிலிருந்து கரையிலேயே கவிழ்ந்து கிடந்தது. ஏன் என்று கேட்டால் மனுஷனுக்கு நேரமில்லையாம். தலையில் தூக்கி வந்து தண்ணீரில் போட்டான்.

சாமியம்மா ஏறி உட்கார்ந்ததும் துடுப்புப் போட்டான். பரிசல் சுற்றியது. இன்னும் ஓங்கிப் போட்டான். இன்னும் வேகமாகச் சுற்றியது. முப்பது வருஷம் துடுப்புப் பிடித்தவன்!

"காத்து, சாமியம்மா!"

கரையில் ஓர் இலைகூட அசையவில்லை.

"அப்ப சுழியா இருக்கும்!"

"மாதப்பா, பரிசல் நேராகப் போக என்ன செய்ய வேண்டும்?"

"இதென்ன கேள்வி? வலப்பக்கம் ஒரு போடு, இடப்பக்கம் ஒரு..."

குனிந்து பார்த்தான். துடுப்பு வலப்பக்கத் தண்ணீரிலேயே இருந்தது.

அதை இடப்பக்கம் கொண்டுபோனான். விளிம்புவரை போன கை அதற்குமேல் போகவில்லை.

"இந்தப் பக்கம்தான் பையன் விழுந்தான்," என்றான். "கையை நீட்டினேன். விரல் தட்டுப்பட்டுது, சாமியம்மா."

எட்டு மாதத்தில் முதல்முறையாக ஓவென்று அழுதான். அவன் அழுது முடியும்வரை அவள் கூடவே உட்கார்ந்திருந்தாள். பரிசல் தானாகக் கரை ஒதுங்கியது.

"இந்தக் கை எப்ப சரியாகும்?"

"எனக்கெப்படித் தெரியும்? அன்றைக்கு இந்த ஆற்றில் விழுந்து எழுந்தவர்கள் உன் வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள்."

மாதப்பன் எடுத்தான் ஓட்டம். பரிசலைக்கூடக் கரையேற்றவில்லை. நல்ல சேதி கொண்டு வந்தவன் மாதிரி தெருமுனையிலிருந்தே கத்தினான்.

"ஏ பச்சையம்மா! நாளைக்கு யாரும் பரிசல் ஏற வேணாம்! எனக்கும் பயமா இருக்குடி!"

வாசலில் உப்புக்காரியை நிறுத்தி வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்த பச்சையம்மா அதைப் பாதியில் விட்டுவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

உள்ளேயிருந்து மகள் ஓடி வந்தாள்.

"எவ்வளவு பயம்ப்பா?" என்று கேட்டாள்.