முட்டு எடுக்கும் நாள்

குரு உயிரோடு இருக்கும்போதே அவருக்குச் சமாதி மண்டபம் வரைந்து, அதை அவரிடமே கொண்டுபோய்க் காட்டிய சீடர் உலகத்தில் ஒருவர்தான் இருப்பார். பெயர் பிச்சாண்டி. செங்கத்தில் கட்டட மேஸ்திரி. வயது அறுபத்து நான்கு.

அவருடைய குரு தாயம்மாளுக்கு ஐம்பத்தொன்று. பதினெட்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தன் வீட்டுக் கூடத்தில் ஒரு பலகை போட்டு உட்காருவார். மனசில் குறை உள்ளவர்கள் வந்து கேட்பார்கள். முதல் ஞாயிறே வந்து உட்கார்ந்தவர் பிச்சாண்டி. இப்போது அவருக்கு முதுகெலும்பில் நோய். இன்னும் சில மாதம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி அந்தப் பலகையில் பிச்சாண்டி உட்கார வேண்டும் என்று தாயம்மாள் ஆசைப்பட்டார். மேஸ்திரி எதற்கும் சரி என்பவர், இதற்கு மட்டும் பிடிகொடுக்கவில்லை. அதனால் தாயம்மாளே வலியோடு உட்கார்ந்துகொண்டிருந்தார்.

வரைபடத்தை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது மேஸ்திரி. ஃபேன் எங்க மாட்டுவீங்க?"

பிச்சாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை.

"விளையாடாதீங்கம்மா. நீங்க போயிட்டா நான் எங்க வந்து உக்காந்து கேக்கறது? யார்கிட்ட கேக்கறது? ஒரு இடமாவது வேணாமா?"

தாயம்மாள் காகிதத்தை மடித்துக் கொடுத்தார்.

"கட்டறதுக்கு முன்னாடி, இதுலயே பேர் வாங்கின ஊரை ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாம்."

பயணம் கூடாது என்றார் டாக்டர். டிக்கெட் எடுத்தாயிற்று என்றார் தாயம்மாள். இரண்டு ரயில் மாறி, முதுகுக்குத் தலையணை கொடுத்து, கர்நாடகத்து பீஜப்பூரில் போய் இறங்கினார்கள்.

கோல் கும்பஸ் என்ற சமாதி மண்டபத்துக்குள் நுழைந்ததும் மேஸ்திரி செருப்பை எங்கே விட்டோம் என்பதையே மறந்துவிட்டார். அத்தனை பெரிய குவிமாடம். உள்ளே ஒரு தூண் கிடையாது. கீழே அந்த ஊரை ஆண்ட சுல்தானின் கல்லறை.

"உசுரோட இருக்கும்போதே ஆரம்பிச்சாராம், பாத்தீங்களா?" என்றார், தன் கட்சிக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில்.

"பாத்தேன். மேல ஏறிப் போங்க. நான் இங்கயே இருக்கேன்."

ஏழு மாடிப் படி. மூச்சு வாங்க மேலே போய், குவிமாடத்தைச் சுற்றி ஓடும் மாடத்தில் நின்றார். பிள்ளைகள் விசிலடித்தார்கள். யாரோ ஒருவர் நாய் போலக் குரைத்தார். சத்தம் கொஞ்சம் அடங்கியதும் பிச்சாண்டி இரண்டு கையையும் வாயருகே குவித்து, "அம்மா!" என்று கூப்பிட்டார்.

அம்மா, அம்மா, அம்மா என்று அது சுற்றிச் சுற்றி வந்தது. அவருக்கு உடம்பு சிலிர்த்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"எத்தனை தடவை கேட்டுச்சு?" என்று கேட்டார் தாயம்மாள்.

"ஏழு இருக்குங்க. எட்டும் இருக்கும்."

"யாரு பேசினாங்க?"

பிச்சாண்டி யோசித்தார்.

"யாரும் இல்லீங்க. நான் கூப்பிட்டதேதான்."

தாயம்மாள் ஆட்டோ பிடிக்கச் சொன்னார்.

அடுத்துப் பார்த்தது பாரா கமான். இதுவும் ஒரு சுல்தானுக்கு எழும்பிய சமாதிதான். ஆனால் பாதியில் நின்றுபோனது. கூரை கிடையாது. கருங்கல் வளைவுகள் மட்டும் வரிசை வரிசையாக வானத்தைப் பார்த்து நிற்கின்றன. பிச்சாண்டி பெங்களூரில் வேலை செய்த காலத்துக் கன்னடத்தை வைத்துக்கொண்டு காவலாளியிடம் பேச்சுக் கொடுத்தார். திரும்பி வரும்போது முகம் மலர்ந்திருந்தது.

"அம்மா, இந்தப் பெரிய வளைவுக்குள்ள சின்ன வளைவா அடுக்கி, அதுமேல இதை ஏத்தினாங்கன்னு சொல்றாங்க. மேல இறுகினதும் உள்ளே இருக்கிறதை எடுத்துடறது. நாங்க கூரைக்குச் சென்ட்ரிங் போட்டு, அது இறுகற வரைக்கும் முட்டுக் குடுக்கறோமே, அதே கதைதான்!"

தாயம்மாள் ஒரு கல்லில் மெதுவாக உட்கார்ந்தார்.

"முட்டு எடுக்க எப்பவாச்சும் பயந்திருக்கீங்களா?"

"அதை ஏன் கேக்கறீங்க. மொத மொதல்ல தனியா எடுத்த வேலை, ஒரு வாத்தியார் வீடு. இருபத்தோரு நாள்ல முட்டுப் பிரிச்சுடணும். நான் ஐம்பது நாள் ஆகியும் தொடலை. கிரகப்பிரவேசம் வந்துடுச்சு. கூடம் பூரா சவுக்குக் கம்பு. பந்தியில பாயசம் ஊத்தறவன் கம்பைச் சுத்திச் சுத்தி ஓடறான். ஐயர் ஹோமத்துல உக்காந்தவரு எழுந்திருக்கும்போது மண்டையில இடிச்சுக்கிட்டாரு. கடைசியில வாத்தியாரே கோபமா சுத்தியல எடுத்து மொத முட்டுக் கம்பைத் தட்டிட்டாரு."

"விழுந்துச்சா?"

"எங்க விழுது? இன்னிக்கும் நிக்குது. வாத்தியாரோட பேரன் அதுமேல மாடி எடுத்துட்டான்."

"அப்ப கூரைமேல பயம் இல்லை."

"இல்லீங்க." மேஸ்திரி குரல் தாழ்ந்தது. "நான் போட்டது நிக்குமான்னு என்மேலதான்."

ஒரு கிளிக்கூட்டம் கூரையில்லாத கட்டடத்துக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேலேயே போனது. பிச்சாண்டி பையிலிருந்த வரைபடத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்குப் புரியுதுங்க," என்றார். "ஆனா நான் இன்னும் ஈரமாத்தான் இருக்கேன்."

"பதினெட்டு வருஷம் காயாத காங்கிரீட் எந்த ஊர்ல இருக்குது, மேஸ்திரி?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பயமா இருக்குதும்மா. இன்னும் கொஞ்ச நாள் நீங்களே உக்காருங்களேன்."

தாயம்மாள் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. மறுபடி உட்கார்ந்து, முதுகில் கையை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். பார்வையில் கோபம் துளியும் இல்லை.

"முட்டுக்கும் வலிக்கும், மேஸ்திரி."

பிச்சாண்டி அழுதார். அறுபத்து நான்கு வயது ஆள் குழந்தை மாதிரி அழுவதைப் பார்த்துக் காவலாளி ஓடி வந்தான். தாயம்மாள் அவனுக்குக் கையைக் காட்டி, பரவாயில்லை என்றார்.

வெயில் வளைவுகளுக்கு அந்தப் பக்கம் இறங்கியது. பிச்சாண்டி மூக்கைச் சிந்தித் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு வரைபடத்தை நான்காக மடித்து, பின்னால் இருந்த கல் தாயம்மாளின் முதுகை உறுத்தாமல் இருக்க இடையில் செருகினார்.

"ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு உக்காரணுங்க?"

"ஆறு மணிக்குத்தான்," என்றார் தாயம்மாள். "மொதல் கேள்வி என்னுது."