பனிக்கு விட்ட தோட்டம்

குருவுக்கு நாற்பத்திரண்டு வயது. சீடருக்கு அறுபத்தாறு. நீலகிரியில் பள்ளத்தில் கிடக்கும் அந்த ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் குறைவு. குரு வடிவம்மாவும் சரி, சீடர் அரியமுத்துவும் சரி, அந்தச் சிரிப்பைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

மனம் நொந்து வருகிறவர்களை வடிவம்மா தன் வீட்டுத் தோட்டத்தில் களை பிடுங்கச் சொல்வார். அதற்கு மேல் அவர் பெரிதாக உபதேசம் செய்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. அரியமுத்துவும் அப்படித்தான் ஐப்பசியில் வந்து சேர்ந்தார். அதே ஊர்க்காரர், தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் உழைத்து ஓய்ந்தவர். ஆவணியில் அவர் மனைவி பவளக்கொடிக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் பேச்சும் போய்விட்டன. தினமும் காலையில் ஒரு மணி நேரம் அந்தக் கையை மடக்கி நீட்டிவிடுவார். ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக் கொடுப்பார். இத்தனை பாடுபட்டும் கிடைத்தது ஒரே ஒரு "ம்".

"அம்மாவைச் சும்மா விடுங்கப்பா" என்றாள் மகள். மைத்துனர்களும் அதையே சொன்னார்கள். விட்டுவிடுவது எப்படி என்று கற்றுக்கொள்ளத்தான் அவர் குருவைத் தேடி வந்தது.

வந்த நாளிலிருந்து தோட்டம் அவர் கண்ணெதிரே மாறிக்கொண்டிருந்தது. அவரைப் பந்தல் பழுத்து உதிர்ந்தது. பூசணி இலைகளில் சாம்பல் படிந்தது. டேலியா தலையைத் தொங்கப் போட்டது. முடிந்ததைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் பட்டாணியும் பீட்ரூட்டும் போட்டார்கள். கார்த்திகை பிறந்ததும் மழை ஓய்ந்து, வானம் துடைத்து வைத்த மாதிரி ஆகிவிட்டது. வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்து அழகு என்பார்கள். மலைக்காரர்கள் பழைய சாக்குகளைத் தேடி எடுப்பார்கள். மேகமில்லாத வானத்துக்குக் கீழேதான் உறைபனி இறங்கும்.

சாயங்காலமானால் மிலார் என்கிற புதர்ச்செடியின் காய்ந்த கிளைகளையும் பழைய சாக்குகளையும் போட்டுச் செடிகளை மூட வேண்டும். காலையில் எடுத்துவிட வேண்டும். அது அரியமுத்துவின் வேலை. மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். இருபது நாள் செய்தார்.

இருபத்தோராம் நாள் வடிவம்மா வெளியூர் போய்விட்டு இருட்டிய பிறகுதான் திரும்பினார். அன்றைக்கு அரியமுத்து மூடவில்லை. மறதி ஒன்றுமில்லை, வேண்டுமென்றேதான் விட்டார். தோட்டம் கருகிக் கிடப்பதைக் கலங்காமல் பார்க்க முடிந்தால், வீட்டில் கிடப்பதையும் அப்படிப் பார்த்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியிருந்தது. தனக்கு ஞானம் வர ஆரம்பித்துவிட்டதாக வேறு நினைத்துக்கொண்டார், நல்ல மனிதர்.

விடிகிற நேரத்தில் வந்து பார்த்தார். தோட்டம் முழுக்க உப்பைக் கொட்டினாற்போல வெள்ளையாகக் கிடந்தது. பட்டாணிப் பூவெல்லாம் விறைத்து நின்றன. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கதவைத் திறந்த வடிவம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னங்க ஐயா, மூடலையா?"

"மூடலைம்மா. தெரிஞ்சேதான் விட்டேன்."

"எதுக்கு?"

"போறது போகட்டும்னு மனசைப் பழக்கிக்கலாம்னு."

"உங்க மனசைப் பழக்க என் பட்டாணிதான் கிடைச்சுதா?"

உள்ளே போனவர் இரண்டு வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். ஒன்றை அரியமுத்துவின் கையில் திணித்தார்.

"ஊத்துங்க. இந்தப் பனி மேல வெயில் பட்டா இலை கருகிடும். அதுக்குள்ள கழுவி விடணும். கிழக்கு வரிசையிலேருந்து வாங்க."

அரியமுத்து ஊற்றினார். விரல்கள் மரத்துப்போயின. குரு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு செடிக்குச் செடி ஓடினார். "வந்துட்டியா? கேட்பாரில்லைன்னு நினைச்சியா? இறங்கு, இறங்கு!" என்று பனியைத் திட்டினார். குழாயடியில் சண்டை போடுகிற குரல். இவரிடமா அமைதி தேடி வந்தோம் என்று அரியமுத்துவுக்கு எரிச்சலாக இருந்தது.

"பாதி போயிடும்மா."

"போகும்."

"அப்புறம் எதுக்கு இந்தப் பாடு?"

"மீதியும் போகலாம். ஊத்துங்க."

ஒரு வரிசை முடிந்தது. வாளியை நிரப்பிக்கொண்டே வடிவம்மா கேட்டார்.

"அக்காவுக்குக் கைப் பயிற்சி கொடுக்கறீங்கதானே?"

அரியமுத்து தன் வாளியோடு அடுத்த வரிசைக்குத் திரும்பினார்.

"கேட்டது காதுல விழுந்துச்சா?"

"நேத்து காலையிலேயே விட்டுட்டேன்."

"அக்கா என்ன பண்ணாங்க?"

அவருக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"வழக்கமான நேரம் வந்ததும் பார்த்தா. நான் பக்கத்துல போகலை. இடது கையால வலது கையைத் தூக்கி, என் பக்கமா நீட்டினா. நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன்."

சொல்லி முடிக்கும்போது அந்த வயதான மனிதர் அழுதுகொண்டிருந்தார். வெட்கமாகவும் இருந்தது, துக்கமாகவும் இருந்தது.

வடிவம்மா அவர் கையிலிருந்த வாளியைப் பிடுங்கினார்.

"இதை நான் பார்த்துக்கறேன். நீங்க வீட்டுக்குப் போங்க."

அவர் நகரவில்லை.

"கடைசி வரைக்கும் அவளுக்குக் கை வராமலே போயிட்டா?"

"போகலாம்."

"பேச்சு?"

"அதுவும்தான்."

அரியமுத்துவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குருவிடம் அவர் குரல் உயர்ந்தது அன்றைக்குத்தான்.

"அப்ப எத்தனை நாளைக்கும்மா? எத்தனை நாளைக்குத்தான் இப்படி மல்லுக்கு நிக்கிறது? எனக்கு அலுத்துப்போச்சு!"

எதிர்மலை உச்சியில் வெயில் விழுந்துவிட்டது. வடிவம்மா அடுத்த செடிக்குப் போய்விட்டிருந்தார். குனிந்து தண்ணீரை ஊற்றிக்கொண்டே, அவரைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"முதல்ல பனிக்கு அலுக்கட்டும்."