கிழக்கைக் கப்பலேற்றியவர்கள்

காக்கைக்குளத்துக்காரர்களுக்கு மூளையே இல்லை என்று பக்கத்து ஊரில் சொல்வது சுத்தப் பொய். இருக்கிறது. தேய்ந்துவிடுமே என்று வெளியே எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊர்க் குற்றாலிங்கத்துக்கு மாமன் மகள் சிவனம்மாள் மேல் உயிர். மாமன் அரசப்பன்தான் அசைந்து கொடுக்கவில்லை. அவருடைய மூத்த மருமகன் அக்கரைச் சீமையில் வீடு வாங்கியிருந்தான். அடுத்து வருகிற மருமகன் மட்டும் இளப்பமா?

"நீயும் கடல் தாண்டி ஒரு வீடு வாங்கு. கிழக்குப் பாத்த வீடா இருக்கணும். வலது காலை எடுத்து வச்சு உள்ள போ. பாலைக் காய்ச்சிப் பொங்க விடு. தை முடியுமுன்ன திரும்பி வந்தா பொண்ணு உனக்கு. இல்லன்னா வேற இடம் பாத்துருவேன். சொன்னதுல ஒண்ணு கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

குற்றாலிங்கம் ஒரே ஓட்டமாக வெளியே வந்தான். கூட்டாளிகள் மூக்காண்டியையும் வீரபாகுவையும் கூப்பிட்டு யோசனை கேட்டான்.

"கிழக்குக்கு அங்க எங்கலே போவ? அது நம்ம ஊர்லல்லா இருக்கு" என்றான் வீரபாகு.

"அங்கயும் ஒண்ணு இருக்காதா?"

"இருக்கும். அது அவங்க கிழக்கு. மாமா சொன்னது நம்ம கிழக்கை."

மூவரும் வெகுநேரம் விவாதித்து, கிழக்கைக் கையோடு கொண்டுபோவது என்று முடிவு கட்டினார்கள். விடியற்காலையில் ஒரு பலகையைச் சூரியன் பக்கம் நீட்டிவைத்து, கரியால் அம்பு போட்டார்கள். மூக்காண்டி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். கப்பலில் எட்டு நாளும் கீழே வைக்கவில்லை. புரண்டு படுத்தால் கிழக்கும் புரண்டுவிடும் என்று உட்கார்ந்தே தூங்கினான்.

அக்கரையில் மரைக்காயர் என்று ஒரு வீட்டுத் தரகர் இருந்தார். தமிழ் பேசுகிறவர், பொறுமைசாலி. அவர் காட்டிய முதல் வீட்டு வாசலில் மூக்காண்டி பலகையோடு நின்றான். அம்பு கொல்லைப்புறத்தைக் காட்டியது. மேற்குப் பார்த்த வீடு! அடுத்தது வடக்கு, அதற்கடுத்தது தெற்கு. ஏழாவது வீடு கிட்டத்தட்ட அமைந்தேவிட்டது. கடைசி நேரத்தில் மூக்காண்டி தும்மியதில் திரும்பிக்கொண்டது.

"தம்பி, அந்தா சூரியன் உதிக்குது பாருங்க. இந்த வீடு கிழக்குத்தான்" என்று கெஞ்சினார் மரைக்காயர்.

"அது உங்க ஊர்ச் சூரியன், ஐயா" என்றான் வீரபாகு மரியாதையாக.

பன்னிரண்டாவது வீட்டில் மரைக்காயரே முன்னால் வந்தார். மூக்காண்டியின் தோளைப் பிடித்து, அம்பு தெருவைப் பார்க்கும்படி திருப்பி நிறுத்தினார்.

"கிழக்கு!" என்று மூவரும் அலறினார்கள். குற்றாலிங்கம் சந்தோஷம் தாங்காமல் தரகரைக் கட்டிக்கொண்டு அழுதான். வீடு கைக்கு வந்தது.

வாசற்படியில் அடுத்த சிக்கல்.

"மாமா வலது காலைத்தான் வைக்கச் சொன்னாரு. இடது காலைப் பத்திப் பேச்சே இல்லையே?" என்றான் குற்றாலிங்கம்.

"அப்ப அது வெளியவே நிக்கட்டும்" என்றான் வீரபாகு.

"அது வெளிய நின்னா நான் எப்படிலே உள்ள போவேன்?"

"தூக்கிக்கிட்டே போ."

மூவரும் இடது காலைத் தூக்கிக்கொண்டு, நொண்டியடித்தபடியே புதுமனை புகுந்தார்கள். பாலை அடுப்பில் ஏற்றினார்கள். அது பொங்கி மேலே வரும்போதெல்லாம் வீரபாகு பாய்ந்து தண்ணீர் தெளித்து அடக்கினான். "பாலைப் பொங்க விட்டா எங்கம்மா தோலை உரிச்சிருவா!" ஆறு தடவை இப்படியே போயிற்று. கடைசியில் குற்றாலிங்கம் அவனை ஜன்னல் கம்பியில் கட்டிப்போட்ட பிறகுதான் பால் நிம்மதியாகப் பொங்கியது.

தை முடிய இரண்டு நாள் இருக்க ஊர் திரும்பினார்கள்.

"கிழக்குப் பாத்த வீடுதானா? என்ன அத்தாட்சி?" என்றார் அரசப்பன்.

"இதுதான் நம்ம ஊர்க் கிழக்கு" என்று மூக்காண்டி அவர் வீட்டு வாசலிலேயே பலகையை வைத்தான். அம்பு நேராகக் கொல்லைப்புறத்து மாட்டுக் கொட்டிலைக் காட்டியது.

அரசப்பன் முகம் வெளுத்துவிட்டது. "அப்போ மேற்குப் பாத்த வீட்டுலயா முப்பது வருஷமா குடியிருக்கேன்? ஒரு பய சொல்லலையே!" குற்றாலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். அதுவரை 'நீ' என்றவர் 'நீங்க'வுக்கு மாறினார். "மாப்ளே, மேற்குப் பாத்த வீட்டுல பொறந்தவன்னு எம்பொண்ணைத் தள்ளிராதீங்க."

குற்றாலிங்கம் பெரிய மனது பண்ணினான்.

மறுநாள் விடியலில் முகூர்த்தம். பலகை காட்டிய கிழக்கைப் பார்த்து, மாட்டுக் கொட்டிலுக்கு எதிரே மணமக்களை உட்காரவைத்தார்கள். தாலி ஏறியது. அந்த நேரம் பார்த்துச் சூரியன் அவர்கள் முதுகுக்குப் பின்னால் எழுந்தான். பந்தலே திரும்பிப் பார்த்தது.

"பாவம், வழி தப்பி வந்துட்டான்" என்றாள் சிவனம்மாள். "யாராவது போய்ச் சொல்லப்படாதா?"

மூக்காண்டி பலகையைத் தூக்கிக்கொண்டு, அம்பு காட்டிய பக்கமாக நடந்தான். ஊர் எல்லையில் உட்கார்ந்து பகலெல்லாம் காத்திருந்தான். சாயங்காலம் சூரியன் தானாகவே அங்கே வந்து சேர்ந்தான்.

பொழுது இறங்கியதும் மூக்காண்டி ஓட்டமாக ஓடிவந்தான். கல்யாணக் கூட்டம் அவனைச் சூழ்ந்துகொண்டது.

"என்னலே சொன்னான்?"

"என்னத்தச் சொல்லுவான்? பலகையைக் காட்டினேன். வெக்கத்துல மூஞ்சியெல்லாம் செவந்துபோச்சு. ஒரு வார்த்தை பேசாம இறங்கிப் போயிட்டான்."