உம் கொட்ட வந்தவர்

முன்னொரு காலத்திலே, மழை பெய்தால் நெல்லும் பொய்த்தால் கேழ்வரகும் விளைகிற மருதவேலி நாட்டை நெடுஞ்சேந்தன் என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். நல்ல ராஜாதான், குறை சொல்ல முடியாது. ஆனால் எவனாவது காதுக்கு ருசியாக ஒரு கதையை எடுத்துவிட்டால் போதும், மனுஷர் அப்படியே சொக்கிப்போவார்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கதை சொல்கிறவனுக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்து உம் கொட்ட வேண்டும். உம் நின்றால் கதையும் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

ஒரு சித்திரை மாதம் சுழியன் என்ற திருடன் பிடிபட்டான். மந்திரி அம்பலக்கூத்தர் ஆயுள் சிறை என்று தீர்ப்பு எழுதிவிட்டார். ராஜா முத்திரை வைக்க வேண்டியதுதான் பாக்கி. "கடைசியாக ஏதாவது சொல்கிறாயா?" என்று ராஜா ஒப்புக்குக் கேட்டார். கேட்டாரே, அதுதான் வினை.

"சொல்கிறேன் மகாராஜா. உம் கொட்டத்தான் ஆள் வேண்டும்" என்றான் சுழியன். ராஜாவே கொட்டினார்.

அடேயப்பா, என்ன வாய் அவனுக்கு! நாலு நாள் ஓயாமல் தன் திருட்டுகளைத் தானே சொன்னான். தன்னையே கிண்டல் பண்ணிக்கொண்டான். அதிலும் முதல் நாள் சொன்ன கல்யாண வீட்டுக் கதைக்கு ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் என்று சொல்லி உள்ளே நுழைந்தேன் மகாராஜா. அந்த உறவு மாப்பிள்ளைக்கே தெரியாது. ரசத்தில் உப்பு இல்லை என்று ஒரு சத்தம் போட்டேன், எனக்குத் தனி இலை விழுந்தது. நகைப்பெட்டியைச் சாமி அறையில் வைத்துக் கும்பிட வேண்டும் என்றேன், பெண்ணைப் பெற்றவர் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். கடைசியாக, 'சம்பந்தி, வாசலில் என் செருப்பு கிடக்கிறது, புதுசு, பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கமாகக் கிளம்பினேன். பாவம், பொழுது சாயும்வரை காவல் நின்றாராம்."

"தூசி தட்டி வைத்தாரா?" என்று ராஜா கேட்டாரே பார்க்கலாம், சபையே சிரிப்பில் இரண்டுபட்டது.

அரண்மனை அதிகாரி பூவராகருக்கு மந்திரியைக் கண்டாலே ஆகாது. நாலாம் நாள் அவர் இதுதான் சமயம் என்று எழுந்தார். "இப்பேர்ப்பட்ட கதைக்காரனைச் சிறையில் தள்ளச் சொல்கிறாரே நம் மந்திரி, அவருக்குச் சிரிக்கத் தெரியாதென்றால் நாடே அழ வேண்டுமா? இவனை மன்னித்து ஆஸ்தானக் கதைசொல்லி ஆக்கிவிடலாம் மகாராஜா."

"நாளைக்கே ஆக்கிவிடலாம்" என்றார் ராஜா. நகைப்பெட்டி எங்கே என்று சுழியனும் சொல்லவில்லை, ராஜாவும் கேட்கவில்லை.

மறுநாள் மந்திரி, தலை குனிந்த ஒரு மனிதரோடு வந்தார். "உம் கொட்டிக் கொட்டி மகாராஜாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. இன்றைக்கு இவர் கொட்டட்டும். பட்டம் கட்டுகிற நாள், அந்தக் கல்யாணக் கதையே நடக்கட்டும்."

"எண்ணெய் வாடை குடலைப் பிடுங்குகிறது" என்று பூவராகர் மூக்கைப் பொத்தினார். ராஜா சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

சுழியன் வந்தவர் முகத்தை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. எத்தனை வீடு, எத்தனை முகம், எதை ஞாபகம் வைப்பான்? ராஜாவைப் பார்த்தே ஆரம்பித்தான். தாய்மாமன் என்றான், "உம்." ரசம் என்றான், "உம்." நகைப்பெட்டி என்றபோது உம் பாதிதான் வந்தது. செருப்பு என்றான். ஒன்றும் வரவில்லை.

கதை நின்றது.

"என்னப்பா, உம் கொட்டு" என்றார் ராஜா.

"முடியவில்லை சாமி" என்றார் அந்த மனிதர். "என் பேர் இருளாண்டி. செக்காட்டிப் பிழைக்கிறவன். அங்கே நின்றது நான்தான். நகர்ந்தால் மாப்பிள்ளை வீட்டாருக்கு மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று தண்ணீர் குடிக்கக்கூடப் போகவில்லை. தூசியும் தட்டித்தான் வைத்திருந்தேன்."

ராஜாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"பெட்டி போனதும், நானே ஒளித்துவிட்டேன் என்று சொல்லி மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விட்டார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டோம். இந்த நாலு நாளாகத் தெருவில் போனால் 'தூசி தட்டினாயா' என்று கேட்கிறார்கள். மகாராஜாவே கேட்டாராமே என்கிறார்கள். என் மகள் வாசலுக்கு வருவதையே விட்டுவிட்டாள்."

சபையில் யாரும் நிமிரவில்லை. சுழியன் மட்டும், "அந்தச் செருப்பை இன்னும் வைத்திருக்கிறீர்களா மாமா? கடிக்கும், போட்டுவிடாதீர்கள்" என்றான்.

அப்போதும் ராஜாவின் உதடு துடித்தது. சிரிப்புத்தான். சத்தியமாகச் சிரிப்புத்தான். அதை உணர்ந்த கணத்தில் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. சிம்மாசனத்தை விட்டு இறங்கி, இருளாண்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"நீங்கள் சொல்லுங்கள். நான் உம் கொட்டுகிறேன்."

இருளாண்டிக்குச் சொல்லத் தெரியவில்லை. முன்னும் பின்னுமாகச் சொன்னார், சொன்னதையே சொன்னார், நடுவில் அழுதார். ரசிக்க அதில் ஒன்றுமே இல்லை. ராஜா கடைசிவரை உம் கொட்டினார்.

பிறகு தீர்ப்பில் முத்திரை விழுந்தது. சிறைக்குப் போகுமுன் சுழியன் பெட்டி புதைந்திருந்த இடத்தைக் காட்ட வேண்டியதாயிற்று. பெட்டியைத் தலையில் சுமந்துபோய் இருளாண்டி வீட்டில் சேர்க்கிற வேலை பூவராகருக்குக் கிடைத்தது. பின்னாலேயே ராஜாவும் நடந்தார். தெரு மொத்தமும் பார்க்க, "இவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. கேலி பேசினது என் தப்பு" என்று அந்தப் பெண்ணின் காதில் விழும்படி சொன்னார். கதவு திறக்கவில்லை. மறுநாளும் வந்து சொன்னார். ஏழாம் நாள்தான் அவள் வாசலுக்கு வந்தாள்.

அன்றைக்குத் திரும்புகிற வழியில் ராஜா தன் மோதிரத்தைக் கழற்றி மந்திரியிடம் நீட்டினார். "நாங்கள் எல்லாரும் மயங்கிக் கிடந்தோம். நீர் ஒருவர்தான் மயங்கவில்லை."

அம்பலக்கூத்தர் கை நீட்டவில்லை. "முதல் நாள் நானும் சிரித்தேன் மகாராஜா. தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன். வீட்டுக்குப் போய் என் மனைவிக்கும் அந்தக் கதையை அப்படியே நடித்துக் காட்டினேன்."

"அவரும் சிரித்தாரா?"

"இல்லை. 'அந்தப் பெண் என்ன ஆனாள்?' என்று கேட்டாள். அதைத் தெரிந்துகொள்ளத்தான் மறுநாள் அந்த வீட்டைத் தேடிப் போனேன்."