சதுரமங்கலத்தார் போட்ட சுடோகு

சதுரமங்கலத்தில் தெருக்கள் ஒன்பது, தெருவுக்கு வீடுகள் ஒன்பது. எல்லாத் தெருவிலும் ஒன்று முதல் ஒன்பதுவரை வரிசையாகக் கதவு எண். இதைவிட ஒழுங்கான ஊர் உலகத்திலேயே கிடையாது என்பது அவர்கள் கட்சி. வெளியூர்க்காரர் யாரும் அதை மறுத்ததில்லை. அவர்களிடம் யாரும் கேட்டதுமில்லை.

அந்த ஊர்ப் பூவராகனுக்கு முப்பத்தெட்டு வயது. பதினாறு இடத்தில் பெண் பார்த்து, பதினாறு இடத்திலும் பஜ்ஜி மட்டும்தான் கிடைத்தது. பதினேழாவதாகப் பார்த்த இன்பவல்லி, காபியோடு ஒரு தாளையும் நீட்டினாள். குறுக்கே ஒன்பது, நெடுக்கே ஒன்பது கட்டங்கள். சிலவற்றில் மட்டும் எண்.

“சுடோகு. நானே போட்டது. பத்து நாள்ல முடிச்சுக் கொண்டு வந்தா கல்யாணம். இல்லைன்னா இந்தக் காபியோட சரி.”

அடியில் விதிகள் இருந்தன. குறுக்கேயும் நெடுக்கேயும் ஒரே எண் இரண்டு முறை வரக் கூடாது. தடித்த கோடு போட்ட பெட்டிக்குள்ளும் அப்படியே. அடுத்தடுத்த எண்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஏற்கெனவே போட்டிருக்கும் எண்கள் இடம்விட்டு அசையக் கூடாது.

ஊர் கூடியது. பெரியதனக்காரர் ஆவுடையப்பன் தாளை நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“அட, இது நம்ம ஊர்டா! ஒம்போது தெரு, ஒம்போது வீடு!”

“அப்போ ஊரே தப்பு மாமா,” என்றான் தர்க்கத்துக்குப் பேர்போன திருமேனி. “எல்லாத் தெருவுலயும் முதல் வீடு ஒண்ணு. ஒண்ணுக்குக் கீழே ஒண்ணு! போதாக்குறைக்கு, நாலுக்குப் பக்கத்துல அஞ்சு!”

“அஞ்சு வேற எங்கடா இருக்கும்?”

“எங்கயாவது போய்த்தான் ஆகணும்.”

பூவராகன் கண் கலங்கினான். “இதனாலதான் பொண்ணு அமையலையா? செவ்வாய் தோஷம்னு நெனச்சு எத்தனை விளக்குப் போட்டேன்!”

“அழாதே மாப்ளே. ஊரை மாத்திடுவோம்.”

“நம்பர் பலகையை மட்டும் மாத்தினாப் போதாதா?” என்று கேட்டது ஒரு குரல்.

“நாலாம் நம்பர்க்காரன் நாலாம் நம்பர் வீட்டுல இல்லாம வேற யார் வீட்டுல இருப்பான்? அறிவோட பேசு!” என்றார் பெரியதனக்காரர்.

பலகைகள் கிளம்பின. பின்னாலேயே கட்டில், பானை, எருமை, மாமியார் எல்லாம் கிளம்பின. ஆறும் ஏழும் பக்கத்தில் வந்துவிட்டால் யாராவது கூவுவார்கள். உடனே இரண்டு குடும்பமும் மூட்டையைக் கட்டும். குப்பாயி ஒரே குழம்பை நான்கு வீட்டு அடுப்பில் ஏற்றி இறக்கினாள். வீட்டுக்கு வீடு மறக்காமல் உப்புப் போட்டாள். குளிக்கப் போன ஒருவர் துண்டோடு திரும்பி, மூன்று தெரு தேடித் தன் வேட்டியைக் கண்டுபிடித்தார்.

தாளில் ஏற்கெனவே இருந்த எண்காரர்கள் பாடு வேறு. அவர்களை உரிய வீட்டில் உட்கார வைத்து, அசையக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்களும் அசையவில்லை. மாசிலாமணி மூக்கில் ஈ உட்கார்ந்தபோது தெருவே திரண்டு வந்து ஊதியது. கொட்டாவி விட்ட பாப்பம்மாளை அரைமணி நேரம் விசாரித்தார்கள்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் ஊரில் கூவல் ஓய்ந்தது. எங்கும் ஒரு பிசகும் இல்லை. எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். அவர்களுக்கும் தெரியாது.

மறுநாள், பத்தாம் தேதி, பூவராகன் தெருத் தெருவாக நடந்து கதவு எண்களைத் தாளில் எழுதினான். பெரியதனக்காரர், திருமேனி புடைசூழப் போய்க் கொடுத்தான். இன்பவல்லி பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

“அத்தனையும் சரி! எப்படிப் போட்டீங்க?”

“நடந்து போய்ப் பார்த்து எழுதினேங்க.”

முழுக்கதையும் கேட்டு இன்பவல்லி சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அப்பா, எனக்கு இவரேதான் வேணும். இனி ஆயுசுக்கும் எனக்குப் பொழுது போயிடும்.”

அவள் அப்பா சபாநாயகம் மாதக் காலண்டரை எடுத்து, அந்த மாதம் இருபத்திரண்டாம் தேதியைச் சுற்றித் தடித்த சிவப்புக் கோட்டால் பெட்டி போட்டுக் கொடுத்தார். “இதுதான் முகூர்த்தம்.”

மூவரும் வாசல் தாண்டவில்லை. திருமேனி அலறினான். “மாமா! ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு ரெண்டு!”

பூவராகனுக்கு முகம் வெளுத்தது. “கல்யாணம் போச்சா?”

“பதறாதே மாப்ளே. ஒரு ரெண்டை எடுத்துட்டாப் போச்சு.”

முன்னாலிருக்கும் இரண்டா, பின்னாலிருப்பதா என்று நெடுநேரம் வாதம் நடந்தது. மூத்தவருக்கு மரியாதை என்று முன்னதை விட்டுவிட்டுப் பின்னதைச் சுரண்டி எடுத்தார்கள்.

“முகூர்த்தம் ரெண்டாம் தேதி. இன்னிக்கு என்ன தேதி?”

“பத்து.”

பெரியதனக்காரர் விறுவிறுவென்று உள்ளே திரும்பி வந்தார். “என்ன சம்பந்தி இது? கல்யாணம் முடிஞ்சு எட்டு நாளாச்சு, எங்க மருமகளை இன்னும் அனுப்பாம வெச்சிருக்கீங்களே, நியாயமா?”

சபாநாயகம் காலண்டரை வாங்கி, சுரண்டிய இடத்தைத் தடவிப் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் பூவராகன் தேம்பிக்கொண்டிருந்தான்.

“எல்லாம் சரி மாமா. என் கல்யாணத்துக்கு எனக்கு ஒரு பத்திரிகைகூட வைக்கலையே!”